அடியில் தங்கும் தண்ணீர்

மத்தியப் பிரதேச மாநிலம் ரத்லாமில் 2025 ஜூன் 26 அன்று இரவு, ஒரு பங்க்கில் 19 வண்டிகள் வரிசைகட்டி நின்று டீசல் போட்டுக்கொண்டன. மறுநாள் முதலமைச்சர் மோகன் யாதவின் பயணத்துக்கு ஏற்பாடான வண்டிகள் அவை. பங்க்கை விட்டுக் கிளம்பியவை கொஞ்ச தூரம் போவதற்குள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றுவிட்டன. டேங்க்கைத் திறந்து வடித்துப் பார்த்தால் டீசலோடு தண்ணீரும் கொட்டியது. பங்க் முத்திரையிடப்பட்டது. இந்தூரிலிருந்து வேறு வண்டிகள் வரவழைக்கப்பட்டன. மழைநீர் நிலத்தடித் தொட்டிக்குள் இறங்கியிருக்கிறது என்று காரணம் சொன்னார்கள்.

முதலமைச்சரின் வண்டி என்பதால் அது நாடு முழுக்கச் செய்தியானது. மரக்காணத்திலிருந்து உப்பு ஏற்றிவந்த லாரி ஒன்று அதே காரணத்தால் திருச்சிற்றம்பலம் கூட்ரோட்டில் நின்றுபோனால் அது செய்தியில்லை. டிரைவர் மெக்கானிக்குக்கு போன் போடுவார், கிளீனர் டீ குடிக்கப் போவார், முதலாளிக்கு ஒரு நாள் வாடகை போகும். ஆனால் இரண்டுக்கும் அடியில் இருக்கும் இயற்பியல் ஒன்றுதான். அதைப் பார்க்க வானூர், மரக்காணம் வட்டாரத்தைவிடப் பொருத்தமான இடம் குறைவு. கிழக்கே கடல், நடுவே கழுவேலி சதுப்பு, அதையொட்டி உப்பளங்கள், மேற்கே திருவக்கரைப் பக்கம் கல்குவாரிகளும் கிரஷர்களும். ஒரே வட்டாரத்தில் உப்புக்காற்று, ஈரம், கல்தூள் மூன்றும் உண்டு. ராத்திரி பகலாக டீசல் லாரிகளும் டிப்பர்களும் ஓடுகின்றன.

முதலில் எளிய கணக்கு. ஒரு லிட்டர் தண்ணீரின் எடை ஒரு கிலோ. ஒரு லிட்டர் டீசலின் எடை சுமார் 820 முதல் 840 கிராம். இரண்டும் ஒன்றோடொன்று கலக்காதவை. எனவே தண்ணீர் எந்த வழியாக வந்தாலும் கடைசியில் டேங்க்கின் அடிக்குத்தான் போகும். டீசலை இழுக்கும் குழாயின் வாயும் அடிக்குச் சற்று மேலேதான் இருக்கிறது. அடியில் இருக்கும் தண்ணீரின் மட்டம் அந்த வாயைத் தொடாத வரை எல்லாம் நன்றாக ஓடும். தொட்ட நிமிடத்தில் இன்ஜினுக்குப் போவது டீசல் அல்ல. ரத்லாமில் 19 வண்டிகளும் ஒரே சமயத்தில் படுத்ததற்கு விளக்கம் இதுதான். பங்க்கின் தொட்டியில் தண்ணீர் மட்டம் உறிஞ்சும் குழாயை எட்டியிருக்க வேண்டும். அதற்கு முந்தைய நாள் டீசல் போட்டவர்களுக்கு ஒன்றும் ஆகாமலே போயிருக்கலாம்.

டீசலில் தண்ணீர் மூன்று நிலைகளில் இருக்கும். கரைந்த நீர் கண்ணுக்குத் தெரியாது. மிக நுண்ணிய துளிகளாகச் சிதறிய நீர் டீசலைக் கலங்கலாகக் காட்டும். பிரிந்த நீர் அடியில் போய்த் தங்கும். இவை ஒன்றிலிருந்து ஒன்றாக மாறிக்கொண்டே இருப்பவை. சூடான டீசல் அதிக நீரைக் கரைத்து வைத்துக்கொள்ளும். ஆறினால் கொள்ள முடியாததை வெளியே தள்ளும். இன்றைய லாரிகளில் இன்ஜினுக்குப் போன டீசல் முழுவதும் எரிவதில்லை. ஒரு பகுதி சூடேறித் திரும்ப டேங்க்குக்கே வருகிறது. பகல் முழுக்க ஓடிய வண்டியின் டேங்க்கில் டீசல் வெதுவெதுப்பாக இருப்பது அதனால்தான். ராத்திரி வண்டி நின்று ஆறும்போது, பகலில் கரைந்திருந்த நீரில் ஒரு பங்கு துளியாகி அடிக்கு வரும்.

எவ்வளவு நீர் இருக்கலாம் என்பதற்குச் சட்டமே ஓர் அளவு வைத்திருக்கிறது. டீசலுக்கான இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 1460. அதன்படி ஒரு கிலோ டீசலில் 200 மில்லிகிராம் வரை நீர் இருக்கலாம். கேட்பதற்கு ஒன்றுமில்லை போலத்தான் தோன்றும். 300 லிட்டர் டேங்க்கை நிரப்பினால் சுமார் 250 கிலோ டீசல். அந்த உச்ச அளவில் அதற்குள் 50 கிராம் தண்ணீர் இருக்கும். எவரும் கலப்படம் செய்யாமல், எந்தக் குழாயும் ஒழுகாமல், முழுக்கச் சட்டப்படி, ஒரு தடவை டேங்க் நிரப்புவதில் 50 மில்லி. அதில் பெரும்பகுதி கரைந்தபடியே இன்ஜினுக்குள் போய் ஆவியாகிவிடும். மிச்சம் அடியில் சேரும். ஆக, நல்ல பங்க்கில் டீசல் போடுகிறேன், என் வண்டியில் தண்ணீரே கிடையாது என்று யாரும் சொல்ல முடியாது. எவ்வளவு சேருகிறது, எவ்வளவு அடிக்கடி வடிக்கிறோம் என்பதே கேள்வி.

இங்கே பழைய நம்பிக்கை ஒன்றைக் கொஞ்சம் உரசிப் பார்க்கலாம். பாதி டேங்க்கோடு வண்டியை ராத்திரி நிறுத்தாதே, காலியிடத்துக் காற்றிலிருக்கும் ஈரம் குளிர்ந்து தண்ணீராகிவிடும் என்று மூத்த டிரைவர்கள் சொல்வார்கள். வண்டிக் கையேடுகளிலும் இதே அறிவுரை உண்டு. பொய்யில்லை. ஆனால் அளவு? 30 டிகிரி வெப்பத்தில் ஈரம் நிறைந்த ஒரு கன மீட்டர் காற்றில் சுமார் 30 கிராம் நீராவி இருக்கும். 300 லிட்டர் டேங்க் பாதி காலி என்றால் உள்ளே 150 லிட்டர் காற்று. அதில் இருக்கும் மொத்த நீராவியே நாலரை கிராம்தான். 24 டிகிரிக்குக் குளிர்ந்தால் அதில் சுமார் ஒன்றேகால் கிராம் படியும், அவ்வளவுதான். மறுநாள் புதிதாக உள்ளே வரும் காற்று, சுருங்கிய இடத்தை நிரப்பும் இரண்டு சதவீதம். மூன்று லிட்டர் காற்று கொண்டுவரும் ஈரம் ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டாது. கடற்கரைக் காற்றின் ஈரத்தை மேலே எவ்வளவு கூட்டிப் போட்டாலும், வியர்த்துச் சேர்ந்த தண்ணீரால் மட்டும் ஒரு லாரி நிற்காது. கப்பலின் பெரிய தொட்டிகளிலும், மாதக்கணக்கில் ஓடாமல் நிற்கும் ஜெனரேட்டரிலும் அது பொருட்படுத்த வேண்டியது. தினம் ஓடும் லாரியில் தண்ணீர் அதிகமாக வரும் வழி வேறு.

அந்த வழியைப் பார்க்க உப்பளக் கரைக்குப் போகவேண்டும். கழிநீரை, அதாவது உப்புநீரை, பாத்திகளுக்கு ஏற்றும் ஆயில் இன்ஜின் பக்கத்தில், நெட்டுக்குத்தாக நிறுத்தி வைத்த 200 லிட்டர் டீசல் பேரல் ஒன்று இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பேரலின் மேல்மூடியைச் சுற்றி விளிம்பு உயர்ந்திருக்கும். மழை பெய்தால் அந்த விளிம்புக்குள் தண்ணீர் தேங்கும். திருகு அடைப்பான் அந்தத் தேக்கத்துக்குள் மூழ்கிக் கிடக்கும். பேரல் பாதி காலி. வெயிலில் உள்ளிருந்த காற்று 35 டிகிரிக்குச் சூடாகியிருந்தது. மழையில் 25 டிகிரிக்கு இறங்குகிறது. காற்று மூன்று சதவீதத்துக்கு மேல் சுருங்கும். அதனால் உள்ளே உருவாகும் இழுப்பு 30 சென்டிமீட்டருக்கு மேல் தண்ணீரை உயர்த்தும் பலமுடையது. அடைப்பானின் மரையில் மயிரிழை இடைவெளி இருந்தால் போதும், உள்ளே போவது காற்றல்ல, மேலே தேங்கிய தண்ணீர். 100 லிட்டர் காற்றின் மூன்று சதவீதம் மூன்று லிட்டர். ஒரே மழையில், ஒரே மாலையில், கொள்கையளவில் மூன்று லிட்டர் தண்ணீர் வரை போக இடமிருக்கிறது. வியர்வைக் கணக்கில் வந்த ஒரு கிராமை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

பேரலைப் படுக்கைவாட்டில் கிடத்தி, இரண்டு அடைப்பான்களும் பக்கவாட்டில் ஒரே மட்டத்தில் இருக்கும்படி வைக்கச் சொல்வது இதற்குத்தான். அப்போது மழை தேங்க இடமில்லை. அடைப்பான்கள் உள்ளிருக்கும் எண்ணெயால் நனைந்திருப்பதால் இழுப்பும் அங்கே வேலை செய்யாது. இடமில்லாவிட்டால் நிறுத்திய பேரலைச் சற்றுச் சாய்த்து, இரண்டு அடைப்பான்களும் தண்ணீர் தேங்கும் பள்ளத்துக்கு வெளியே இருக்கும்படி ஒரு கட்டையைக் கொடுத்தாலும் போதும். மேலே ஒரு தார்ப்பாய்.

லாரி டேங்க்கின் மூடிக்கும் இதே விதிதான். மூடியில் காற்று போய்வரச் சிறு துளை ஒன்று உண்டு. டீசல் குறையக் குறைய காற்று உள்ளே வந்தாக வேண்டும். இல்லாவிட்டால் பம்ப்பால் இழுக்க முடியாது. திருவக்கரை கிரஷர் தூள் அந்தத் துளையை அடைத்துவிட்டால், உள்ளே உண்டாகும் இழுப்பு தனக்கு வேறு வழி தேடும். காய்ந்து வெடித்த ரப்பர் வாஷரின் ஓரம்தான் அந்த வழி. நாள் முழுக்க ஓடிச் சூடேறிய டேங்க்கின் மேல் திடீரென்று மழை விழும்போது மூடியைச் சுற்றி வழியும் தண்ணீரை அது உறிஞ்சிக்கொள்ளும். வண்டியைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவும்போதும் இதே கதைதான்.

உப்பு லாரிக்குக் கூடுதலாக ஒரு தொல்லை. டேங்க் சேஸிஸின் பக்கவாட்டில், பாடிக்குக் கீழே தொங்குகிறது. வாரிக் குவித்த உப்பு முழுக்க உலர்ந்த சரக்கல்ல. ஓடும் வண்டியிலிருந்து கழிநீர் சொட்டிக்கொண்டே வரும். அது டேங்க்கின் தோள்மீதும் மூடியின் மீதும் விழுந்து, வெயிலில் வெள்ளையாகப் பூத்து நிற்கும். உப்பின் குணம் ஒன்று இங்கே முக்கியம். காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் சோற்றுப்பு தானாகவே காற்றிலிருந்து நீரை இழுத்துக் கரைந்து நீராகிவிடும். கடற்கரை இரவுகளில் ஈரப்பதம் அந்த அளவைச் சாதாரணமாகவே தாண்டும். ஆகவே மூடியின் மரையில் ஒட்டிய உப்பு பகலில் படிகம், ராத்திரியில் கழிநீர். ஒவ்வொரு நாளும் இந்த மாற்றம் நடக்க நடக்க மரை துருப்பிடிக்கும், வாஷர் பொருந்தாது. மூடியைக் கழற்றும்போது துகளும் உப்பும் டேங்க்குக்குள் விழும். டீசல் போடும் முன் மூடியைச் சுற்றி ஈரத்துணியால் ஒரு துடைப்பு, பிறகு உலர்ந்த துணியால் ஒரு துடைப்பு. உப்பேற்றும் வண்டிக்கு இது அவசியம். மற்ற ஊர்களில் யாரும் செய்வதில்லை, செய்யாமலே தப்பித்தும் விடுகிறார்கள்.

உப்பு உள்ளே போனால் துருவோடு நின்றுவிடாது. டீசலில் துருத் தடுப்புக்கும் வழவழப்புக்கும் சேர்க்கப்படும் பொருட்களில் பல, அமிலத் தன்மை உடையவை. எண்ணெய் அமிலமும் சோடியமும் சேர்ந்தால் கிடைப்பது சோப்பு. துணி துவைக்கும் சோப்பின் வேதியியலும் அதுதான். இன்ஜெக்டரின் உள்ளே, நகரும் ஊசியின்மேல் இந்தச் சோப்பு மெல்லிய படலமாக ஒட்டும். ஊசி ஒட்டிக்கொண்டால் திறக்க வேண்டிய நேரத்தில் திறக்காது, மூட வேண்டிய நேரத்தில் மூடாது. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இந்தப் படிவு பெரிய தலைவலியானபோது, குற்றவாளிகளில் ஒன்று சோடியம் என்று கண்டார்கள். பத்து லட்சத்தில் ஒரு பங்கு அளவே கவலைக்குரியது. 250 கிலோ டீசலில் அந்த அளவு என்றால் கால் கிராம் சோடியம். கடல்நீர் என்றால் 23 மில்லி வேண்டும். உப்பு விளையும் பக்குவத்துக்கு வந்த பாத்திக் கழிநீர் என்றால் இரண்டு மில்லி சொச்சம் போதும். அந்தச் சோடியம் முழுவதும் சோப்பாகிவிடாது, பெரும்பகுதி நீரோடு அடியில் போய்விடும் என்பது உண்மை. ஆனாலும் எவ்வளவு சிறிய துளி கணக்கில் வருகிறது பாருங்கள்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. சுத்திகரிப்பு ஆலைகளில் டீசலிலிருந்து நீரை எடுக்கக் கையாளும் முறைகளில் ஒன்று, படிக உப்பு நிரப்பிய உயரமான கலத்தின் வழியே அதைச் செலுத்துவது. உப்பு ஈரத்தை இழுத்துக் கரைந்து கீழே வடியும், டீசல் உலர்ந்து மேலே வரும். அங்கே காவல்காரனாக இருக்கும் உப்பு, டேங்க் மூடியில் திருடனாகிவிடுகிறது.

சரி, இவ்வளவு சின்ன அளவுத் தண்ணீருக்கு இவ்வளவு பயம் ஏன்? நாற்பது வருஷத்துக்கு முந்தைய லாரி டிரைவர் இதைக் கேட்டால் நியாயம். அந்தக் கால வரிசைப் பம்ப்பிலும் பிளஞ்சருக்கும் அது நகரும் பேரலுக்கும் இடைவெளி இரண்டு முதல் நான்கு மைக்ரான்தான். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒன்று. ஆனால் அழுத்தம் சில நூறு பார்களில் இருந்தது. கொஞ்சம் தண்ணீர் போனால் இருமும், புகையும். ரோட்டோரத்தில் நிறுத்தி ஃபில்டர் கிண்ணத்தைக் கழற்றி, எலிமென்ட்டை டீசலிலேயே அலசிப் போட்டு, ஹேண்ட் பம்ப்பால் ஏர் எடுத்துவிட்டுப் போய்விடலாம். டீசலிலும் கந்தகம் நிறைய இருந்தது. கந்தகம் வழவழப்பு தராது என்றாலும், அதை நீக்கும் முறை டீசலின் இயல்பான வழவழப்பையும் சேர்த்து எடுத்துவிடுகிறது.

வாகனப் புகை விதியான பாரத் ஸ்டேஜ் (பி.எஸ்.) 3-இல் 350 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 350 பங்கு) ஆக இருந்த கந்தகம் பி.எஸ். 4-இல் 50-க்கும், 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுக்க வந்த பி.எஸ். 6-இல் 10-க்கும் இறங்கியது. நகரத்துக் காற்றுக்கு இது பெரிய நன்மை. அதோடு, எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே பொதுக்குழாயிலிருந்து டீசல் கொடுக்கும் காமன் ரெயில் முறையும் லாரிகளில் நிலைத்தது. அழுத்தம் 1,600 முதல் 2,000 பார், சில இன்ஜின்களில் அதற்கும் மேல். 2,000 பார் என்றால் ஒரு சதுர சென்டிமீட்டரில் இரண்டு டன் பாரம். இந்தப் பம்ப்புகளில் பலவற்றுக்குத் தனி எண்ணெய் கிடையாது. தம் வழியே ஓடும் டீசல்தான் அவற்றுக்கு மசகு. அந்த மசகின் இடத்தில் ஒரு துளி தண்ணீர் வந்து நின்றால், உலோகத்துக்கும் உலோகத்துக்கும் நடுவே இருந்த படலம் அறுந்துபோகும். உராய்ந்து வரும் இரும்புப் பொடி ரெயில் வழியாக எல்லா இன்ஜெக்டருக்கும் போகும். ஒன்றை மாற்றிப் பயனில்லை, பம்ப்பிலிருந்து நாசில் வரை மொத்தமும் மாற்ற வேண்டிவரும். அசுத்த டீசலால் வந்த சேதம் என்று தெரிந்தால் வாரண்டி பொதுவாக அதை ஏற்பதில்லை. பழைய வண்டியில் கிடைத்த மன்னிப்பு புதிய வண்டியில் இல்லை என்பதைப் பல முதலாளிகள் இன்னும் மனசில் வாங்கிக்கொள்ளவில்லை என்றே நினைக்கிறேன்.

இந்தப் போரில் முன்னணியில் நிற்பது முதல் ஃபில்டரோடு சேர்ந்த வாட்டர் செபரேட்டர். அதன் சல்லடைத்தாள் நீரை ஒட்டவிடாத பூச்சு கொண்டது. டீசல் துளை வழியே நுழைந்துவிடும். நீர்த்துளி நுழையத் தயங்கி முகப்பிலேயே நிற்கும். பின்னால் வரும் துளி அதோடு சேரும், இரண்டும் பெரிதாகும். பெரிதானது தன் எடையில் சரிந்து கீழேயிருக்கும் கிண்ணத்தில் விழும். கிண்ணத்தின் அடியில் இரண்டு உலோக முனைகள் உண்டு. டீசல் மின்சாரத்தைக் கடத்தாது, தண்ணீர் கடத்தும். கிண்ணத்தில் தண்ணீர் மட்டம் முனைகளைத் தொட்டதும் டேஷ்போர்டில் விளக்கு எரியும். உப்புத் தண்ணீர் இன்னும் நன்றாகக் கடத்தும் என்பதால் நம் கடற்கரையில் இந்த உணரி ஏமாற வாய்ப்பு குறைவு. ஆனால் அந்த விளக்கு சொல்வது கிண்ணத்தில் சேர்ந்த நீரைப் பற்றி மட்டுமே. நுண்துளியாகச் சிதறித் தாளைக் கடந்துவிட்ட நீரைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது.

துளி எவ்வளவு சிறியதோ அவ்வளவு மெதுவாக இறங்கும். இதற்குக் கணக்குச் சொன்னவர் 19-ஆம் நூற்றாண்டின் இயற்பியலாளர் ஜார்ஜ் கேப்ரியல் ஸ்டோக்ஸ். துளியின் விட்டம் பாதியானால் வேகம் நாலில் ஒன்றாகும். 60 சென்டிமீட்டர் உயர டேங்க்கில், 100 மைக்ரான் துளி மேலிருந்து அடிக்கு வர அரை மணி நேரம் போதும். 10 மைக்ரான் துளிக்கு இரண்டு நாளாகும். கழிநீர்த் துளி தண்ணீரைவிட எடை கூடியது என்பதால் ஏறக்குறைய இரு மடங்கு வேகத்தில் இறங்கும். இதுவும் உப்பு நமக்குச் செய்யும் ஓர் உபகாரம். வேகமான பம்ப் ஒன்று பெரிய துளிகளை நுண்துளியாக அடித்து உடைத்துவிட்டால், அவை ஓடும் வண்டியில் தாமாக இறங்கவே மாட்டா.

ஆகவே கிண்ணத்தை வடிக்கச் சரியான நேரம் அதிகாலை, சாவி போடும் முன். ராத்திரி முழுக்க அசையாமல் நின்றதில் இறங்க வேண்டிய துளிகள் இறங்கியிருக்கும். ஓடி வந்து நின்றவுடன் வடித்தால் பாதிக் கலங்கல்தான் வரும். ஒரு கண்ணாடி பாட்டிலோ, லேபிள் உரித்த தண்ணீர் பாட்டிலோ எடுத்துக்கொண்டு கிண்ணத்தின் அடித் திருகைக் கையால் மெல்லத் தளர்த்துங்கள். பெரும்பாலும் அது பிளாஸ்டிக். ஸ்பேனர் போட்டால் உடையும். முதலில் விழுவதைக் கவனியுங்கள். தண்ணீர் இருந்தால் பாட்டிலுக்குள் உருண்டையாக ஓடி அடியில் அமரும், மேலே வெளிர் மஞ்சளாக டீசல் நிற்கும், நடுவே கோடு கிழித்தது போல எல்லை தெரியும். எல்லை தெரியாமல் மொத்தமும் மோர் போலக் கலங்கியிருந்தால் சிதறிய நீர். பாட்டிலை ஒரு மணி நேரம் வைத்துப் பார்க்க வேண்டும். எல்லையில் பழுப்பாக, வழவழவென்று சவ்வு மிதந்தால் அது பூஞ்சை. டீசலையே தின்று, அடியிலிருக்கும் தண்ணீரில் வாழும் பூஞ்சைகள் உண்டு. விமான எரிபொருள் தொட்டிகளில் தொல்லை கொடுத்து, கெரோசின் பூஞ்சை என்று பெயரெடுத்த வகையும் அவற்றில் ஒன்று. தினம் தினம் டீசல் மாறும் லாரியில் அதற்கு வளர அவகாசமில்லை. ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் சும்மா நிற்கும் விசைப்படகு டேங்க்கில் தாராளமாக அவகாசம் உண்டு.

ஒரு வாரம் தினம் வடித்துப் பார்த்தால் உங்கள் வண்டியின் இயல்பு தெரிந்துவிடும். அதன்பிறகு வாரம் ஒருமுறை என்று குறைத்துக்கொள்ளலாம். மழைக்காலத்தில் மறுபடி தினசரி. திடீரென்று அளவு கூடினால் கடைசியாக டீசல் போட்ட பங்க்கையும் மூடியின் வாஷரையும் சந்தேகப்பட வேண்டும். வடித்ததை மண்ணில் கொட்டாதீர்கள். அது போய்ச் சேருமிடம் கழுவேலி.

ஃபில்டர் மாற்றுவதில் நம் ஒர்க்‌ஷாப்புகளில் ஊறிப்போன பழக்கம் ஒன்று உண்டு. புது ஃபில்டரைப் பூட்டும் முன் கேனிலிருந்து டீசலை ஊற்றி நிரப்பிவிடுவார்கள். ஏர் லாக் வராது, சுலபமாக ஸ்டார்ட் ஆகும். பழைய வண்டிக்கு அது சமயோசிதம். திருகிப் பூட்டும் ஃபில்டரின் வாயைத் திருப்பிப் பாருங்கள். ஓரத்தில் வட்டமாகச் சிறு துளைகள், நடுவில் மரையுள்ள பெரிய துளை. ஓரத்துளை வழியே அழுக்கு டீசல் உள்ளே போகிறது. தாளைக் கடந்து சுத்தமானது நடுத்துளை வழியே வெளியே வருகிறது. கேனிலிருந்து ஊற்றும்போது பெரிய துளையில்தான் ஊற்றுகிறோம். அதாவது, வடிகட்டாத டீசலை, வடிகட்டிய பக்கத்தில். ஃபில்டர் தடுக்க வேண்டிய தூசியை நாமே ஃபில்டருக்கு அப்பால் கொண்டுபோய் விடுகிறோம். காமன் ரெயில் இன்ஜினில் கடைசி ஃபில்டரை உலர்ந்தபடியே பூட்டி, கைப்பம்ப்பால் அடித்து டீசலை வரவழைப்பதே முறை. கை வலிக்கும், நேரமாகும். வேறு வழியில்லை.

இன்னொரு பக்கம், பயந்துபோய் மாதா மாதம் ஃபில்டர் மாற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். அதுவும் வீண். கொஞ்சம் ஓடிய ஃபில்டர் புது ஃபில்டரைவிட நன்றாக வடிகட்டும். முகப்பில் படிந்த துகள்களே இன்னொரு சல்லடையாகிவிடும். தவிர, குவாரித் தூசியில் நின்று ஒவ்வொரு முறை திறக்கும்போதும் புதிதாகத் தூசி உள்ளே போகும். கையேடு சொல்லும் கிலோமீட்டர்தான் அளவு. உப்பும் கல்லும் ஏற்றும் வண்டிக்கு அதில் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம். அட்டைப்பெட்டியில் ‘5 மைக்ரான்’ என்று அச்சடித்திருப்பதை மட்டும் நம்பி விலை குறைந்ததை வாங்க வேண்டாம். எந்த அளவுத் துகளில் எத்தனை பங்கைப் பிடிக்கும் என்பதுதான் ஃபில்டரின் தகுதி. 5 மைக்ரான் துகள் 200 வந்தால் ஒன்றை மட்டும் விடுகிற ஃபில்டரும் 5 மைக்ரான்தான், நூறை விடுகிறதும் தன்னை அப்படியே சொல்லிக்கொள்ளும்.

பங்க் விஷயத்துக்கு வருவோம். புதுச்சேரியில் வரி குறைவு என்பதால் எல்லைப் பங்க்குகளில் லாரிகள் காத்திருந்து போட்டுக்கொள்வது இந்த வட்டாரத்து வழக்கம். எந்த ஊர் பங்க்காக இருந்தாலும், டேங்கர் லாரி வந்து இறக்கிக்கொண்டிருக்கும்போது டீசல் போடாதீர்கள். அடியில் அமைதியாகக் கிடந்ததெல்லாம் அப்போது கலங்கி மேலே வரும். தொட்டிக்குள் விடும் அளவுகோலின் நுனியில் ஒரு பசையைத் தடவி இறக்கித் தண்ணீர் இருக்கிறதா என்று பார்ப்பது பங்க்குகளின் அன்றாடக் கடமை. தண்ணீர் பட்ட உயரம் வரை பசையின் நிறம் மாறும். அடர்த்தி சோதனையைப் பலரும் கேட்டு வாங்குகிறார்கள், நல்லதுதான். ஆனால் அது கலப்படத்தைக் காட்டும். தொட்டியின் அடியில் தங்கிய தண்ணீரைக் காட்டாது. அதற்குப் பசைதான்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது, மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. புதுச்சேரியில் 46 சென்டிமீட்டருக்கு மேல். உப்பளங்கள் கடலோடு சேர்ந்துபோயின. அப்படியொரு வெள்ளத்தில் டேங்க் மூடிவரை மூழ்கிய வண்டியைத் தண்ணீர் வடிந்ததும் ஒரு தடவை ஸ்டார்ட் செய்து பார்ப்போமே என்று யாருக்கும் கை துறுதுறுக்கும். அந்த ஒரு சுழற்சியில் பம்ப் வெள்ளநீரை இழுத்துவிடும். பேட்டரி இணைப்பைக் கழற்றி, டேங்க்கை முழுக்க வடித்து, ஃபில்டர் இரண்டையும் மாற்றி, சுத்தமான டீசல் ஊற்றிய பிறகுதான் சாவி. மூழ்கிய பங்க்குகளில் முதல் சில நாட்கள் டீசல் போடும் முன் பசைச் சோதனையைக் கண்ணால் பார்த்துக் கொள்ளுங்கள். பில்லை வைத்திருங்கள். சந்தேகம் வந்தால், அங்கேயே பாட்டிலில் பிடித்து முத்திரை வைத்த மாதிரி இல்லாமல் பின்னால் எந்தப் புகாரும் நிற்காது.

வடகிழக்குப் பருவமழை தொடங்க இன்னும் எத்தனை நாள் இருக்கிறதோ, அதற்குள் டேங்க் மூடியின் ரப்பர் வாஷரை மாற்றிவிடுங்கள். மூடியின் காற்றுத் துளையை ஒரு மெல்லிய கம்பியால் குத்திப் பாருங்கள். இங்கே சொன்ன வேலைகளிலேயே செலவு குறைந்தது அதுதான். தண்ணீர் அதிகம் நுழைவதும் அந்த வழியாகத்தான்.